காலி மாதம் நஷ்டமா, இல்லையா?

பழையசாவி:
நேற்று மேல்மாடி இப்படி எழுதியிருந்தார்: "வருடா வருடம் 10 சதவீதம் வாடகை ஏற்றுங்கள். ஒத்துவராதவரை அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அது நஷ்டமே இல்லை. நான் 4 வீடு சேர்த்தது இப்படித்தான்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இப்போதுதான் இரண்டாவது வீடு வாங்கப்போகிறவர்கள் இதை நம்பிவிடுவார்கள்.

வாடகை 100 என்று வையுங்கள். வருடத்துக்கு 1200. ஆளை அனுப்பிவிட்டு ஒரு மாதம் காலி, அப்புறம் 110 வீதம் 11 மாதம் என்றால் 1210. கூடுதலாக வந்தது வெறும் 10. பெயிண்டுக்கும் தரகருக்கும் சேர்த்து புது வாடகையில் ஒரு மாதம் போனால் கையில் நிற்பது 1100. பேசாமல் இருந்திருந்தால் 1200. ஒரு மாதம் என்பது வருட வாடகையில் 8.33 சதவீதம். அது நஷ்டம்.

மேல்மாடி:
ஐயா, முதல் வருடத்தோடு கணக்கை நிறுத்திக்கொள்கிறவர்கள் முதல் வீட்டோடு நின்றுவிடுவார்கள். இரண்டாம் வருடம் எனக்கு முழுசாக 12 மாத வாடகை வருகிறது, அதுவும் ஏற்றிய வாடகை. காலி மாதத்திலும் வீட்டின் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. நஷ்டம் எங்கே வந்தது?

பழையசாவி:
இரண்டாம் வருடத்தையும் போடுகிறேன். பழைய குடித்தனக்காரரிடம் 5 சதவீதம் மட்டும் கேட்டால் பெரும்பாலும் இருந்துவிடுவார். 1260, அடுத்த வருடம் 1323. மொத்தம் 2583. உங்கள் வழியில் 1100, அடுத்த வருடமும் 10 சதவீதம் ஏற்றி 1452. மொத்தம் 2552. இரண்டு வருடம் முடிந்தும் நீங்கள்தான் பின்னால் நிற்கிறீர்கள். அந்த ஒரு மாதம்தான் காரணம்.

வரவுசெலவு:
இரண்டு பேரும் "நஷ்டம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? வரி, பழுதுபார்ப்பு, காப்பீடு கழித்த பிறகு மிஞ்சுவதையா? கடன் தவணையும் கட்டிய பிறகு மிஞ்சுவதையா? சொத்து விலை ஏறுவதையும் சேர்த்தா? இதை முடிவுசெய்யாமல் பேசினால் இன்னும் ஒரு வாரம் பேசலாம்.

மேல்மாடி:
மூன்றாம் வருடத்தை ஏன் விட்டீர்கள்? என் வழியில் 1597, உங்கள் வழியில் 1389. மூன்று வருடத்துக்கும் கூட்டுங்கள்: எனக்கு 4149, உங்களுக்கு 3972. இரண்டாம் வருடத்தில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஜெயித்தேன் என்பது நியாயமில்லை.

பழையசாவி:
மூன்று வருடமும் 10 ஏற்றி, புதிதாக வந்தவர் மூச்சுவிடாமல் கட்டிக்கொண்டே இருந்தால்தான் 4149. முதல் ஆள் எதற்காகப் போனாரோ அதே காரணத்துக்காக இவரும் போவார். இரண்டாம் வருடம் ஒரே ஒரு முறை ஆள் மாறி, அதே ஒரு மாதம் காலி, அதே பெயிண்ட் செலவு என்றால் மொத்தம் 3907. மறுபடியும் என் கணக்குக்குக் கீழேதான். ஒரு மாதம் காலி என்பது நஷ்டம்.

மூன்றாம்தளம்:
மேல்மாடி பக்கம்தான் நான். பழையசாவி ஐயாவுக்கு வளர்ச்சியைக் கண்டாலே பயம். போன வருடம் இவர் பேச்சைக் கேட்டு நிலையான வட்டிக்குக் கடன் வாங்கினேன். வட்டி இறங்கியபோது என் தவணை மட்டும் அசையவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பழையசாவி:
ராத்திரி நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். தவணை மாறக்கூடாது என்றால் நிலையான வட்டி என்றேன். இறங்கும், ஏறும் என்று ஜோசியம் சொல்லவில்லை. இப்போது காலி மாதத்துக்கு வாருங்கள்.

மூன்றாம்தளம்:
தப்பு என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வராது என்று தெரியும்.

கீழ்வீட்டுக்காரி:
நான் வாடகைக்கு இருப்பவள். ஒரே வீட்டில் 11 வருடம். குழாயில் வாஷர் தேய்ந்தால் நானே மாற்றிவிடுவேன், வீட்டுக்காரரைக் கூப்பிடுவதில்லை. அவரும் வருடம் கொஞ்சமாக ஏற்றுவார், இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுவார். வருடத்துக்கு ஒரு முறை விரட்டப்படுகிறவர் வாஷரை மாற்றுவாரா? ஒழுகட்டும் என்று விட்டுவிட்டுப் போவார்.

மேல்மாடி:
உரிமையாளர்கள் கணக்குப் பேசும் இடத்தில் குடியிருப்பவர்கள் வந்து உருக்கமாகப் பேசினால் கணக்கு மாறிவிடாது.

கீழ்வீட்டுக்காரி:
உங்கள் தவணையைக் கட்டுவது என் வாடகை, சார். கணக்கில் எனக்கும் இடம் உண்டு.

பழையசாவி:
அந்த அம்மா சொன்னதை யாரும் உருக்கம் என்று ஒதுக்க வேண்டாம். என் வீடு ஒன்று 5 வாரம் பூட்டிக் கிடந்தது. கதவைத் திறந்ததும் குமட்டிக்கொண்டு ஒரு வாடை. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துவாரத்துக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்றை மறிப்பது அதுதான். ஆள் புழங்காவிட்டால் அது ஆவியாகிப் போய்விடும். வாடை ஏறி வரும், கூடவே கரப்பானும் வரும். சமையலறைக் குழாயைத் திறந்தால் முதலில் செம்பழுப்பாகத் தண்ணீர் வந்தது. அன்றைக்கு வீடு பார்க்க வந்தவர் வாசலோடு திரும்பிவிட்டார். ஒரு வாளித் தண்ணீரில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்தால் அந்தக் காலி மாதம் இரண்டு மாதமாகியது. இதை நஷ்டம் இல்லை என்று சொல்கிறவர் ஒரு காலி வீட்டையும் தன் கையால் திறந்து பார்த்ததில்லை.

மேல்மாடி:
எதற்கு நான் போய்த் திறக்க வேண்டும்? என் வீடுகளை ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறார். சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவரால் 4 வீட்டுக்கு மேல் போகவே முடியாது.

பழையசாவி:
எனக்கு 6 வீடு, தம்பி. சாவி என் கையில்தான். ஏஜென்டுக்கு மாதாமாதம் ஒரு பங்கு, புது ஆள் வந்தால் தனியாக ஒரு தொகை. ஆள் மாறினால் அவருக்கு வரவு, உங்களுக்குச் செலவு. "10 ஏற்றுங்கள், போகிறவர் போகட்டும்" என்று உங்களிடம் முதலில் சொன்னது யார் என்று யோசியுங்கள்.

மேல்மாடி:
என் முடிவு என்னுடையது. என் ஏஜென்டை இழுக்க வேண்டாம்.

ஒற்றைவீடு:
எனக்கு ஒரு வீடுதான், இரண்டாவது வாங்கலாமா என்று யோசிக்கிறேன். இந்தச் சண்டையில் எதை எடுத்துக்கொள்வது?

பழையசாவி:
தம்பி, ஒரே வீடு காலியானால் வாடகை மொத்தமும் நின்றுவிடும். 4 வீட்டில் ஒன்று காலியானால் கால் பங்கு நிற்கும். ஆனால் தவணை ஒன்றுகூட நிற்காது. 20 வருடக் கடன், 9 சதவீத வட்டி என்றால் முதல் தவணையில் 100-க்கு 83 வட்டிக்கே போகிறது. அசலில் பாதி தீர 14 வருடம் ஆகும். கடன் கொடுப்பவர்கள்கூட வாடகை முழுவதையும் வருமானமாக எடுத்துக்கொள்வதில்லை, ஒரு பகுதியை வெட்டிவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள். காலி மாதம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆறு மாதத் தவணையைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு அப்புறம் இரண்டாவது வீட்டைப் பாருங்கள். அகலக்கால் வைத்தால் முதலுக்கே மோசம்.

மூன்றாம்தளம்:
ஆறு மாதம் சேர்த்து முடிப்பதற்குள் அந்த வீட்டின் விலை எங்கேயோ போயிருக்கும். பயத்தைச் சேமிப்பு என்று பெயர் மாற்றி விற்கிறார்.

பழையசாவி:
வட்டிக்காக என் மேல் இருக்கிற கோபத்தை இந்தத் தம்பியின் தலையில் இறக்காதீர்கள்.

வரவுசெலவு:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எது நஷ்டம்?

மேல்மாடி:
விலை ஏறுகிற சொத்தில் ஒரு மாதக் காலி நஷ்டமல்ல. நூறு தடவை கேட்டாலும் இதுதான் பதில்.

பழையசாவி:
ஏறிய விலையை வைத்து இந்த மாதத் தவணையைக் கட்ட முடியுமா? விற்றால்தான் அது கைக்கு வரும். விற்றுவிட்டால் வாடகை ஏது? அதைச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.

மேல்மாடி:
நீங்கள் 3907 என்று போட்ட கணக்கில் ஆள் ஏன் இரண்டாம் வருடமே போக வேண்டும்? உங்களுக்கு வசதியான வருடத்தில் அவரைக் கிளப்பிவிட்டீர்கள்.

பழையசாவி:
சரி, மூன்றாம் வருடம் போகட்டும். 3883. இன்னும் கீழே. வேறு எந்த மாதத்தில் அவரை அனுப்பட்டும், சொல்லுங்கள்.

மேல்மாடி:
அனுப்பவே வேண்டாம். அவர் இருப்பார்.

கீழ்வீட்டுக்காரி:
நான் இருக்க மாட்டேன்.