மங்கலான நெபுலாவா, கேமரா காட்டிய மாயமா?

பர்னார்டு வளையத்தைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடலாம்: ஒற்றை ஃபிரேமில் (ஒரு தடவை எடுத்த படத்தில்) ஏறக்குறைய எதுவும் தெரியாது. ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பையும் வாளையும் கிழக்குப் பக்கமாக வளைத்துச் செல்லும் சிவப்பு வில் அது; ஒரு நெபுலா, அதாவது விண்வெளியில் பரவிய வாயு, தூசு மேகம். குறுக்கே சுமார் 10 டிகிரி. இருபது முழுநிலவுகளை வரிசையாக வைக்கலாம். அவ்வளவு பெரியதாக இருந்தும் கண்ணுக்கு எட்டாததற்குக் காரணம், இருக்கிற கொஞ்சம் ஒளியும் அத்தனை பரப்பில் பரவிக் கிடப்பதுதான். 1894-இல் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட் எடுத்த ஒளிப்படங்கள் வழியாகத்தான் அதன் பெயரே நிலைத்தது.

நான் முதலில் முயன்றது 50 மிமீ லென்ஸும், நட்சத்திரங்களின் நகர்வைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பும் டிராக்கரும், சாதாரணக் கேமராவும் கொண்டு. சென்சாருக்கு முன்னால் உள்ள ஃபில்டர், இந்த வில்லின் ஹைட்ரஜன் வெளியிடும் சிவப்பான ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியின் (656.3 நானோமீட்டர்) பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பல ஃபிரேம்களை ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் செய்த படத்தில், மங்கலானதை வெளிச்சமாக்க ஹிஸ்டோகிராமின் நடு ஸ்லைடரை மெல்ல இடப்பக்கம் இழுத்தபோது, எம்78 என்ற நெபுலாவுக்குப் பக்கத்தில் பழைய துணியில் ஒட்டிய காவிக்கறை மாதிரி ஒன்று தலைகாட்டியது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் மொத்தப் படமும் அதே நிறமாகிவிட்டது! பிறகு அந்த ஃபில்டரை மாற்றிய கேமராவில் அதே லென்ஸ், அதே வானம். வில் முழுசாக வந்தது.

ஆனால் உண்மையான தலைவலி அதற்கப்புறம்தான். மங்கலானதை வெளியே இழுக்க இழுக்க, இல்லாததும் கூடவே வருகிறது; எது நிஜம், எது போலி என்று பிரிப்பதுதான் கஷ்டம். நண்பர் ஒருவர் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி 135 மிமீ லென்ஸில் எடுத்த படத்தில் சாம்பல் நிறத்தில் இழை இழையாக ஏதோ தெரிந்தது. மெல்லிய மேகம் என்று நினைத்து ஃபிரேம்களை அழிக்கவே பார்த்தார். இன்னொரு இரவு எடுத்ததை மேலே வைத்துப் பார்த்தால், இழைகள் அதே நட்சத்திரங்களுக்கு இடையில் அப்படியே இருந்தன. நம் பால்வெளியின் தளத்துக்கு மேலே மிதக்கும் தூசு அது. தனி நட்சத்திரம் எதுவும் அதற்கு விளக்குப் பிடிக்கவில்லை. பால்வெளியின் மொத்த வெளிச்சமும் சேர்ந்துதான் அதை லேசாக ஒளிரச் செய்கிறது. இதற்கு ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டர் பயன்படாது. இருட்டான வானம் ஒன்றுதான் வழி.

எனக்கு நேர்ந்தது நேர்மாறு. படத்தின் அடிப்பகுதியில் அழகான சிவப்புப் பட்டை. முதல் பாதி ஃபிரேம்களைத் தனியாகவும் பின்பாதியைத் தனியாகவும் ஸ்டாக் செய்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். பட்டை நகர்ந்துவிட்டது. வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள ஆக்ஸிஜன் தானாகவே ஒளிர்வது அது. சிவப்பு 630, பச்சை 557.7 நானோமீட்டர். நட்சத்திரங்களோடு சேர்ந்து நகராத எதுவும் நெபுலா இல்லை.

லென்ஸின் ஓர இருட்டையும் தூசுக் கறையையும் நீக்க, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஃப்ளாட் ஃபிரேம் சரியில்லாவிட்டால் வரும் வட்டக் கறை இன்னும் பொல்லாதது. அது எல்லா ஃபிரேமிலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஸ்டாக் செய்தால் உறுதியாகவே தெரியும். அதனால் இப்போது அடுத்த இரவில் கேமராவை 90 டிகிரி திருப்பி எடுக்கிறேன். நிஜ நெபுலா நட்சத்திரங்களோடு நிற்கும். போலி கேமராவோடு திரும்பும். சேர்க்கும் நேரம் நாலு மடங்கானால்தான் இரைச்சலுக்கு எதிரான தெளிவு இரண்டு மடங்காகும் என்பதால் எப்படியும் பல இரவுகள் தேவை, இது கூடுதல் வேலையே இல்லை.

ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடும் குறுகிய அலைவரிசை ஃபில்டரை அகலக்கோண லென்ஸுக்கு முன்னால் மாட்டுவது எனக்குச் சரிப்படவில்லை. சாய்வாக நுழையும் ஒளிக்கு ஃபில்டரின் அலைவரிசை குறைந்த அலைநீளம் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. நடுவில் சிவப்பு, மூலைகளில் ஒன்றுமில்லை.

இந்தச் சந்தேகப் புத்தியை யாரும் கிண்டல் செய்ய வேண்டாம். 2022-இல் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் செயின்டி ஆகிய அமெச்சூர்கள், உலகமே படமெடுத்துத் தீர்த்த ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் ஒளியில் ஒரு நீண்ட வில்லைக் கண்டார்கள். வேறு வேறு கருவிகளிலும் அதே இடத்தில் அது தெரிந்த பிறகே 2023-இல் அறிவித்தார்கள்.

அடுத்து நான் எடுக்க நினைப்பது கம் நெபுலா. சுமார் 36 டிகிரி அகலம். 35 மிமீ லென்ஸில் ஃபிரேமையே நிரப்பிவிடும். சிக்கல் என்னவென்றால், கிரேடியன்ட் (வானத்தின் பின்னணி வெளிச்சம் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைவது) நீக்கும் மென்பொருளுக்கு வெற்று வானம் என்று காட்ட ஓர் இடமும் மிஞ்சாது, அது நெபுலாவையே கிரேடியன்டாக நினைத்துத் துடைத்துவிடும். சுற்றிலும் பல படங்களை ஒட்டும் மொசைக்காக எடுத்து வெறும் வானத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். வேறு வழியில் எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.