குவைத் 1990: நாங்கள் பார்த்ததும் டிவியில் சொன்னதும்

ஹவல்லிக்காரன்:
போர் ஏன் வருகிறது என்று இங்கே பெரிது பெரிதாக எழுதுகிறீர்கள். நான் குவைத்தில் ஹவல்லி என்ற ஊரில் ஒரு மளிகைக் கிடங்கில் கணக்கெழுதியவன். 1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை விடியற்காலையில் குண்டுச் சத்தம். அடுத்த நாள் ஓர் ஈராக் சிப்பாய் கிடங்குக்கு வந்து தண்ணீரும் குப்பூஸ் ரொட்டியும் கேட்டான். இருபது வயதுகூட இருக்காது. "குவைத்தில் புரட்சி நடந்துவிட்டது, புரட்சிக்காரர்கள் கூப்பிட்டுத்தான் வந்திருக்கிறோம்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகஸ்ட் 8-ல் குவைத்தையே ஈராக்கோடு சேர்த்தாயிற்று, மாதக் கடைசியில் அது 19-வது மாகாணம். புரட்சிக்காரர்கள் பேச்சையே காணோம்.

உள்ளே கிடந்த நிஜக் காரணம் கடன். ஈரானோடு எட்டு வருஷம் சண்டை போட ஈராக் குவைத்திடம் வாங்கியது மட்டும் சுமார் 1,400 கோடி டாலர். தள்ளுபடி செய்யச் சொன்னார் ஈராக் அதிபர் சதாம் உசேன், குவைத் மறுத்தது. அதோடு குவைத், எண்ணெய் நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் வைத்த கோட்டாவை மீறி எண்ணெய் எடுத்து விலையை இறக்குகிறது, எல்லையில் இருக்கும் ருமைலா எண்ணெய் வயலில் ஈராக்கின் எண்ணெயை உறிஞ்சுகிறது என்ற புகார் வேறு. கடைசியில் குவைத் தினாரும் மதிப்புக் குறைந்த ஈராக் தினாரும் சமம் என்று அறிவித்தார்கள். என் சேமிப்பு அன்றே போச்சு.

சால்மியா நர்ஸ் வீட்டுக்காரர்:
என் மனைவி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருந்தாள். அம்மான் வழியாக ஏர் இந்தியாவில் ஊர் வந்து சேர்ந்தோம். அப்புறம்தான் அந்த இன்குபேட்டர் கதை காதில் விழுந்தது. அக்டோபர் 10-ல் வாஷிங்டனில், அமெரிக்க எம்.பி.க்கள் முன்னால் நயிரா என்ற 15 வயதுப் பெண் அழுதபடி சொன்னாள்: ஈராக் வீரர்கள் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துச் சில்லென்ற தரையில் சாகவிட்டார்கள் என்று. அப்போது அமெரிக்க அதிபராக இருந்த மூத்த புஷ் அதைத் திரும்பத் திரும்பப் பேசினார். ஜனவரியில் அமெரிக்க செனட் 52-க்கு 47 என்று போருக்குச் சம்மதித்தது.

1992-ல்தான் உண்மை வெளியே வந்தது. அந்தப் பெண் குவைத் தூதரின் மகள். பின்னால் இருந்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். கூலி ஒரு கோடி டாலருக்கு மேல், ஏறக்குறைய எல்லாமே குவைத் அரசின் பணம்.

என் மனைவி பார்த்தது வேறு. பாதி நர்ஸ்கள் கிளம்பிவிட்டார்கள், குறைமாதக் குழந்தைகளைப் பார்க்க ஆளில்லை. போர் முடிந்ததும் அங்கிருந்த டாக்டர்களும் பத்திரிகைக்காரர்களிடம் இதையேதான் சொன்னார்கள். கிளம்பிப் போனவர்களில் நாங்களும் சேர்த்தி. அதை எந்த டிவி காட்டும்? எனக்கு எரிச்சல் என்னவென்றால், கொள்ளை, கொலை, ஆளைப் பிடித்துக்கொண்டு போனது எல்லாம் நிஜமாகவே நடந்தது. அது போதாதென்று ஒரு பொய்யைச் செய்து விற்றார்கள். இப்போது அந்தப் பொய்யைச் சொல்லியே நிஜத்தையும் மறுக்கிறான் எவனோ.

பாக்தாத் மேஸ்திரி:
நான் ஈராக் பக்கம் இருந்தவன். சதாமின் பாத் கட்சி மதச்சார்பற்ற கட்சி என்பார்கள். குண்டு விழப் போகிறது என்று தெரிந்ததும், 1991 ஜனவரியில், ஈராக் கொடியில் 'அல்லாஹு அக்பர்' ஏறிவிட்டது. எங்கள் சைட்டில் இருந்த ஈராக்கி ஃபோர்மேன் அதைப் பார்த்துச் சிரித்தார். சத்தம் வராமல்தான்.

ஹவல்லிக்காரன்:
குவைத்தைப் பிடித்ததற்கு ஈராக் கட்டிய இழப்பீடு யாருக்கெல்லாம் வந்தது? எனக்கு ஐ.நா. கமிஷன் வழியாக 4,000 டாலர் வந்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் பிடித்த பணம். அங்கே பொருளாதாரத் தடையில் மருந்துக்கே பஞ்சம் என்று பேப்பரில் படித்துக்கொண்டிருந்த நேரம். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கி வீட்டுக்கு மாடி எடுத்தேன். அந்தக் கணக்கு முழுதாக முடிந்தது 2022-ல்.