லெட்வில் 100 மைல் மவுண்டன் பைக்: கடல்மட்டத்திலிருந்து போகிறவருக்கு எந்த வேகம், எந்த கியர்?

ஹூஸ்டன்_ஹார்ட்டெயில்:

வணக்கம். கொலராடோவில் ஆகஸ்டில் நடக்கும் லெட்வில் ட்ரெயில் 100 எம்டிபி பந்தயத்துக்கு லாட்டரியில் இடம் கிடைத்திருக்கிறது. குடியிருப்பது ஹூஸ்டனில். மேம்பாலத்தை விட்டால் இங்கே ஏற்றமே இல்லை. எடை 72 கிலோ, எஃப்டிபி (ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தி) 250 வாட். வண்டி 11 கிலோ எடையுள்ள 29 அங்குல ஹார்ட்டெயில், பின்னால் சஸ்பென்ஷன் இல்லாதது. முன்னால் 32 பல் செயின்ரிங், பின்னால் 10 முதல் 51 பல் வரை உள்ள கேசட், 100 மிமீ ஏர் ஃபோர்க். லீவு பந்தய நாளையும் சேர்த்துப் பதினோரு நாள்தான் கிடைக்கும்.

ஒன்பது மணி நேரத்துக்குள் முடித்து பரிசாகத் தரும் பெரிய பெல்ட் பக்கிளை வாங்குவது நடக்கிற காரியமா, பன்னிரண்டு மணி நேர வரம்பை மட்டும் குறியாக வைத்துக்கொள்வதா? எத்தனை நாள் முன்னால் ஊர் போய்ச் சேர வேண்டும்? 32 பல் போதுமா? சாப்பாடு, உடை பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெல்ல_ஏறு:

உயரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வண்டி விஷயத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

லெட்வில் ஊரே சுமார் 3,100 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். பந்தயத்தின் உச்சியான கொலம்பைன் சுரங்கம் 3,800 மீட்டரை ஒட்டி இருக்கிறது, அங்கே 63 சதவீதம். காற்றில் ஆக்ஸிஜன் விகிதம் எங்கும் அதே 21 தான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது குறைகிறது.

பதினோரு நாள் இருந்தால் முழுவதையும் பந்தயத்துக்கு முன்னாலேயே செலவழியுங்கள். முடிந்த மறுநாள் விமானம் ஏறினால் போதும். மலை நோய் வருவதாக இருந்தால் போய்ச் சேர்ந்த ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், பசியின்மை என்று தொடங்கும். முதல் இரண்டு மூன்று இரவு தூக்கமும் கெடும்: தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று நின்று வரும், திடுக்கென்று விழிப்பு தட்டும். அது பழகிவிடும். அதே நாட்களில் ரத்தத்தின் பிளாஸ்மா அளவும் குறைவதால் கால் கனமாகவே இருக்கும். ஒரு வாரம் தாண்டினால் தலைவலியும் தூக்கமும் சீராகிவிடும். முழுப் பலன் வேண்டுமென்றால் மூன்று வாரம் ஆகும். அது உங்களுக்கு இல்லை, பரவாயில்லை. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைதான் உடம்பு மிக மோசமாக இருக்கும். பந்தயத்தன்று அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

முதல் இரண்டு இரவை டென்வரிலோ, இன்னும் நல்லதாக, லெட்விலுக்குத் தெற்கே சுமார் 2,400 மீட்டரில் உள்ள பியூனா விஸ்டாவிலோ கழியுங்கள். முதல் மூன்று நாள் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், பேசிக்கொண்டே மிதிக்கும் வேகத்தில் மட்டும்.

போவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஃபெரிட்டின் (இரும்புச்சத்துக் கையிருப்பு) பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரும்புச்சத்துக் கையிருப்பு இல்லாமல் உயரத்தில் எத்தனை நாள் இருந்தாலும் உடம்பு புது ரத்த அணுக்களை உருவாக்காது. மாத்திரையை டாக்டர் சொன்னால் மட்டும் எடுங்கள். சைவம் மட்டுமே சாப்பிடுபவர் என்றால் இந்தப் பரிசோதனையைத் தவறவே விடாதீர்கள்.

இன்னொன்று. லே போகிறவர்கள் வாங்குகிற டயமாக்ஸ் நினைவுக்கு வரும். அதில் இருக்கும் அசிட்டசோலமைடு சிறுநீர் பெருக்கி வகை. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் எந்த நேரத்திலும் தடை செய்யப்பட்டது. மருத்துவ விலக்கு அனுமதி இல்லாமல் பந்தயத்துக்கு எடுக்கக்கூடாது. தள்ளாட்டம், குழப்பம், ஓய்விலும் மூச்சுத்திணறல், நுரை கலந்த இருமல், இவற்றில் எது வந்தாலும் மாத்திரையைத் தேடாமல் உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போங்கள்.

வாட்_கணக்கு:

ஒன்பது மணி நேரம் நடக்குமா என்பதைக் கொலம்பைன் ஏற்றத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

உங்கள் எஃப்டிபி 250. ஓரளவு பழகிய உடம்போடு 3,100 மீட்டரில் அதில் 83, 84 சதவீதம் கிடைக்கும் என்று வையுங்கள், 208 வாட். கொலம்பைன் உச்சிப் பக்கம் 190க்கும் கீழே. ஏற்றத்துக்குக் கீழே உள்ள ட்வின் லேக்ஸ் உதவி நிலையத்திலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம், 12, 13 கிமீ தூரம். நீங்கள், வண்டி, தண்ணீர், உடை எல்லாம் சேர்த்து 88 கிலோ. அதை ஒன்றரை மணி நேரத்தில் மேலே கொண்டுபோக புவியீர்ப்புக்கு மட்டும் 160 வாட், மண்சாலையில் டயர் தின்பது 30 வாட். ஆக 190. அந்த உயரத்தில் அது உங்கள் எல்லையை உரசுகிற எண். ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தால் 165 வாட் போதும். திரும்பி வர இன்னும் 84 கிமீ இருக்கிறது என்பதை நினைத்தால் அதுதான் உங்கள் வேகம்.

ஒன்பது மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள் தொடக்கத்திலிருந்து எடுக்கும் நேரம் தோராயமாக இப்படி இருக்கும்: பைப்லைன் உதவி நிலையம் 2 மணி, ட்வின் லேக்ஸ் 2:50, கொலம்பைன் உச்சி 4:25, திரும்ப ட்வின் லேக்ஸ் 5:05, பைப்லைன் 6:05. அங்கிருந்து கடைசி வரை 2 மணி 55 நிமிடம். இதில் முதல் இரண்டு புள்ளிகளை நீங்களும் தொட்டுவிடலாம், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. தொட்டுவிட்ட உற்சாகத்தில் கொலம்பைனில் எல்லாம் கரைந்துபோகும். இந்த எஃப்டிபியோடு பத்து முதல் பத்தரை மணி நேரம் என்பது நேர்மையான குறி. பந்தயத்துக்குள் எஃப்டிபி 275, எடை 70 என்று கொண்டுவந்தால் ஒன்பதைப் பற்றிப் பேசலாம்.

பாதையைப் பார்ப்போம். மொத்தம் சுமார் 168 கிமீ, ஏற்றம் ஏறத்தாழ 3,600 மீட்டர், போன வழியே திரும்புவது. காலை ஆறரைக்கு ஊர் நடுவில் தொடக்கம். முதலில் தார்ச்சாலை இறக்கம், பிறகு செயின்ட் கெவின்ஸ் ஏற்றம். தகுதிப் பந்தயம் எதிலும் ஓடாமல் லாட்டரியில் வந்தவர்களுக்குக் கடைசி வரிசைகளில்தான் இடம். அங்கே நெரிசலில் முன்னால் போகிறவர் கால் ஊன்றினால் நீங்களும் ஊன்ற வேண்டியதுதான். இடைவெளி கிடைக்கிற ஒவ்வொரு தடவையும் 350 வாட் அடித்து முந்தினால் நாலு பேரைத் தாண்டுவீர்கள். இந்த உயரத்தில் அந்தக் கடனை உடம்பு மெதுவாகத்தான் அடைக்கும். முதல் ஒரு மணி நேரம் 190ஐத் தாண்டாதீர்கள்.

இதயத்துடிப்பை நம்பாதீர்கள். உயரத்தில் அதே வாட்டுக்குத் துடிப்பு அதிகம், உச்சத் துடிப்போ குறைவு. வீட்டில் போட்ட துடிப்பு ஸோன்கள் அங்கே பொருந்தா. ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகம் அதிகம்.

பைப்லைனுக்கும் ட்வின் லேக்ஸுக்கும் இடையே ஓரளவு சமதளம். காற்று அடர்த்தி குறைவாக இருந்தாலும் எதிர்க்காற்று இருக்கும். போகும்போதும் வரும்போதும் நாலைந்து பேர் கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். தனியாக மிதித்தால் அந்தப் பகுதி வீணாகத் தின்றுவிடும்.

சங்கிலியும்_பல்லும்:

32 பல்லை மாற்றுங்கள். 32-51இல் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 1.44 மீட்டர் நகரும். கேடன்ஸ் (நிமிடத்துக்குப் பெடல் சுற்று) 60 என்றால் மணிக்கு 5.2 கிமீ. திரும்பி வரும்போது சுமார் 125ஆவது கிமீட்டரில் வருகிற பவர்லைன் ஏற்றத்தின் தொடக்கம் 20 சதவீதத்தைத் தாண்டும். மேலே சொன்ன 88 கிலோவை 20 சதவீதத்தில் அந்த வேகத்தில் தள்ள 265 வாட்டுக்கு மேல் வேண்டும். உங்களிடம் இருக்கப்போவது 200, அதுவும் ஏழு மணி நேரம் மிதித்த பிறகு. 28 பல் போட்டால் அதே கேடன்ஸில் 235 வாட். அப்போதும் மிகைதான். ஆனால் பவர்லைனின் மீதிப் பகுதி, கொலம்பைன், செயின்ட் கெவின்ஸ் எல்லாவற்றிலும் முட்டி பிழைக்கும். 28-10இல் கேடன்ஸ் 90க்கு மணிக்கு 35 கிமீ போகலாம். உங்கள் இலக்குக்கு அது தாராளம்.

30க்கு மாறினால் சங்கிலியைத் தொட வேண்டாம். 28க்கு மாறினால் ஒரு ஜோடி லிங்க் கழற்றி புது குயிக் லிங்க் போடுங்கள். இல்லாவிட்டால் சிறிய பற்களில் தொளதொளவென்று தொங்கி, பவர்லைன் இறக்கத்தில் செயின்ஸ்டேயில் அறையும். கேசட்டும் சங்கிலியும் புதிதாக மாற்றுவதானால் பந்தயத்துக்கு 200, 300 கிமீ முன்பே மாற்றி ஓட்டிவிடுங்கள்.

காற்று விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். பம்ப் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றை விட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை. ஹூஸ்டனில் 20 பிஎஸ்ஐ அடித்த டயர் லெட்வில் போனதும் 24, 25 காட்டும், ஏனென்றால் வெளியழுத்தம் நாலரை பிஎஸ்ஐ குறைந்துவிட்டது. மவுண்டன் பைக் டயருக்கு நாலரை பிஎஸ்ஐ பெரிய வித்தியாசம். அங்கே போய்ப் புதிதாக அளந்து, உங்கள் எடைக்கு முன்னால் 18-19, பின்னால் 20-21 வையுங்கள்.

ஃபோர்க்கின் கீழ்க் கால்களுக்குள் சிக்கிய காற்றும் அதேபோல் உப்பி, தொடக்க அசைவு விறைத்துவிடும். காற்று வெளியேற்றும் பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். இல்லையென்றால் மெல்லிய கேபிள் டையின் முனையை மழுக்கிவிட்டு, தூசித்தடுப்பு சீலுக்கும் குழாய்க்கும் நடுவே மெதுவாகச் செருகினால் புஸ்ஸென்று வெளியேறும். குழாயில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஏர் ஸ்பிரிங்கில் சாக் (நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் அமுங்கும் அளவு) சரிபாருங்கள்.

டயர் 2.25 அல்லது 2.35, வேகமான டிரெட், ஆனால் பக்கச்சுவர் வலுவூட்டியது. கூர்க்கற்கள் கிழிப்பது பக்கச்சுவரைத்தான். சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஒரு வாரம் முன் புதிதாக, டயருக்கு 90 மில்லி. கூடவே டயர் பிளக், ஒரு ட்யூப், 25 கிராம் சிஓ2 இரண்டு, கிழிசலுக்கு உள்ளே வைக்கும் டயர் பூட் ஒன்று, டெரெய்லர் ஹேங்கர் (கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு), குயிக் லிங்க், மல்டி டூல். 16 கிராம் சிலிண்டர் இந்த டயரின் பீடை (ரிம்மில் பதியும் விளிம்பை) உட்கார வைக்கத் திணறும்.

பவர்லைனைப் போகும்போது இறங்க வேண்டும். மழைநீர் அரித்த ஆழமான வாய்க்கால்கள் இருக்கும். இறங்கும் முன்பே ஒரு தடத்தைத் தேர்ந்து அதிலேயே போங்கள். நடுவில் தடம் தாவ முயன்றால் முன்சக்கரம் விளிம்பில் வழுக்கும். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள். முந்தைய வாரம் ஒரு தடவையாவது அந்த இறக்கத்தை ஓட்டிப் பாருங்கள்.

பாட்டில்_கூண்டு:

உயரத்தில் உடம்பு சர்க்கரையை அதிகம் கேட்கும், நாக்கோ சாப்பாட்டை வேண்டாம் என்னும். எனவே பசியைக் கேட்டுச் சாப்பிடாதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். மணிக்கு 70 கிராம் கார்போஹைட்ரேட், பெரும்பகுதி பாட்டில் கரைசலாக. தண்ணீர் 500 முதல் 700 மில்லி, சோடியம் 500 மில்லிகிராம் அளவில். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகமே தெரியாது. இந்த அளவை வீட்டிலேயே நீண்ட பயிற்சிகளில் வயிற்றுக்குப் பழக்குங்கள்.

கொலம்பைனுக்கு முன் ட்வின் லேக்ஸில் ஒரு ஜெல், அரை பாட்டில். ஏற்றத்தின் கீழ்ப்பாதி சீரான சாலை, அங்கேயே தின்று முடியுங்கள். மரங்கள் முடிந்த பிறகு வரும் கடைசிப் பகுதியில் கல்லும் செங்குத்தும், இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும், மூச்சு வாங்குகையில் மென்று விழுங்கவும் முடியாது.

உங்களோடு உதவிக்கு வருகிறவர் ட்வின் லேக்ஸில் நின்றால் போதும், போகும்போதும் வரும்போதும் இரண்டு தடவை பார்க்கலாம். இரண்டாவது தடவை கொடுக்க உப்பு போட்ட உருளைக்கிழங்கோ உருட்டிய புளிசாதமோ வைத்திருக்கட்டும். ஐந்து மணி நேர இனிப்புக்குப் பிறகு அதுதான் இறங்கும்.

காலை தொடங்கும்போது 4, 5 டிகிரி இருக்கலாம். மதியத்துக்கு மேல் இடிமழை, சில வருடம் ஆலங்கட்டி. கைவார்மர், மடித்துப் பையில் வைக்கும் மெல்லிய மழை ஜாக்கெட், முழுவிரல் கையுறை. வெயிலாக இருக்கிறதே என்று ஜாக்கெட்டை ட்வின் லேக்ஸில் விட்டுவிட்டு மேலே போகாதீர்கள். கொலம்பைன் இறக்கத்தில் நனைந்தால் விரல் மரத்துப் பிரேக் பிடிக்காது.

அங்கே வீடெடுத்துச் சமைப்பதானால் குக்கர் எடுத்துப் போங்கள். தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது. குக்கரிலும் வழக்கத்தை விட இரண்டு விசில் கூட விடுங்கள்.

ஹூஸ்டன்_ஹார்ட்டெயில்:

அனைவருக்கும் நன்றி. 28 பல் ஆர்டர் போட்டுவிட்டேன், குறியும் பத்தரை மணி நேரம்தான். ஒரு சந்தேகம்: பவர்லைனில் எந்த இடத்தில் இறங்கித் தள்ளுவது? கொலம்பைன் மேல்பகுதியில் எதிரே இறங்குகிறவர்கள் இருக்கும்போது ஓட்ட முடியுமா?

வாட்_கணக்கு:

பவர்லைனில் கேடன்ஸ் 50க்குக் கீழே விழுந்து, வாட் 220க்கு மேலேயே நின்றால் இறங்குங்கள். அந்தச் சரிவில் ஓட்டுகிறவருக்கும் தள்ளுகிறவருக்கும் நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து மீட்டர்தான் வித்தியாசம். மொத்தத்தில் மூன்று நான்கு நிமிடம் போகும், கால் மிஞ்சும். உச்சி வந்துவிட்டது என்று நினைக்கிற இடத்துக்கு அப்பால் இன்னும் பல மேடுகள் வரும், அங்கே ஓட்டக் கால் வேண்டும். பிடிமானமுள்ள சோலோடு நடக்கத் தோதான ஷூ போடுங்கள், கெட்டியான ரோடு ஷூ அந்த மண்ணில் வழுக்கும்.

கொலம்பைனில் வலது ஓரத்தை விட்டு வராதீர்கள். நடுத்தடம் இறங்குகிறவர்களுக்கு. முன்னால் ஒருவர் தள்ளிக்கொண்டு போனால் முந்துவதற்கு எதிர்ப்பக்கம் போகாமல் நீங்களும் இறங்கித் தள்ளுங்கள். ஒரு கையால் சீட்டைப் பிடித்துத் தள்ளினால் முதுகு நிமிர்ந்து மூச்சு நன்றாக வாங்கும். உச்சியில் உதவி நிலையம் இருக்கிறது, பாட்டிலை நிரப்பி, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுங்கள்.

சங்கிலியும்_பல்லும்:

கொலம்பைன் இறக்கத்துக்கு முன் ஃபோர்க் லாக்அவுட் (அசையாமல் பூட்டும் நெம்புகோல்) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றத்தில் பூட்டியதை மறந்து அப்படியே இறங்குவது அங்கே அடிக்கடி நடக்கிறது.