சோவியத் தரப்பில் காகசஸைக் காப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். ஆக்சிஸ் அண்ட் அலைஸ் 1942 என்ற இரண்டாம் உலகப்போர்ப் பலகை விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் சோவியத் தரப்பை ஆடும்போதெல்லாம் ஐந்தாம் சுற்றுக்குள் காகசஸை இழந்துவிடுகிறேன். தொடக்கத்தில் கையிலிருக்கும் 24 புள்ளிகளுக்கு, தலைக்கு 3 வீதம் எட்டுக் காலாட்படைக் காய்கள் கிடைக்கும். தாக்கும்போது பகடையில் 1 விழுந்தால்தான் அவற்றால் பயன், தற்காக்கும்போது 2 விழுந்தாலும் போதும் என்பதால், அதுவே மலிவான அரண் என்று நம்பியிருந்தேன்.

ஆனால் மேற்கு ரஷ்யாவில் படையைக் குவித்தால் உக்ரைன் வழியாக ஜெர்மானிய டாங்கிகள் தெற்கே இறங்கிவிடுகின்றன. சென்ற ஆட்டத்தில் காகசஸில் பதினொரு காய்களை நிறுத்தியிருந்தும், எதிராளியின் விமானங்களும் சேர்ந்து தாக்கியதில், மூன்றே உருட்டல்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு சுற்றுக்கு 4 காய்களை இறக்கக்கூடிய அங்குள்ள தொழிற்சாலை பகைவர் கைக்குப் போனபின், மாஸ்கோவைக் காப்பது மிகவும் கடினமாகிறது.

கரேலியாவை முதலிலேயே கைவிட்டுப் பின்வாங்குவது சரியா? திருப்பித் தாக்குவதற்காக 6 புள்ளி கொடுத்து டாங்கி வாங்குவது தகுமா? தற்காப்பில் 4 வரை பலிக்கும் பிரிட்டனின் போர் விமானங்களைக் காகசஸில் இறக்குவதே வழியென்று எனக்குத் தோன்றுகிறது; அவை எந்தச் சுற்றுக்குள் வந்துசேர வேண்டும் என்பதை, இத்தரப்பை ஆடி வென்றவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.