டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளை வெளிவேலைக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

நொய்யல்கரை எழுதியது:

எங்கள் மகளுக்கு 26 வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். ஒன்பது ஆண்டுகளாகக் கோவையில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்வருகிறாள். அங்கே காகிதப் பைகளும் பாக்குமட்டைத் தட்டுகளும் செய்கிறார்கள். மாதம் 600 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். சென்ற வாரம் ஒரு தங்கும் விடுதியார், காலை உணவுக் கூடத்தில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வேலை, மாதம் 8,500 ரூபாய் சம்பளம் என்று சொல்லி அவளைக் கேட்டு வந்தார்கள். நானும் என் மனைவியும் மறுத்துவிட்டோம். அன்று முதல் மையத்து ஆசிரியர்களும் உறவினர்களும் எங்களைக் குற்றவாளிகளைப் போலப் பார்ப்பதால், காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இந்நகரில் ஓர் அடுமனையில் அவளை வேலைக்குச் சேர்த்தோம். மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாள் அல்லவா, 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதைக் குறிக்கத் தேர்ந்த தேதி. அன்று அவளை வாசலில் நிறுத்தி மாலை வரை படம் எடுத்தார்கள். மே மாதம் "கூட்ட நேரத்தில் சமாளிக்க முடியவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பின்னர் ஆறு வாரம் அவள் அந்தச் சீருடையைக் கழற்ற மறுத்து, காலையில் வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு காரணம் பணம். நான் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனக்கும் என் மனைவிக்கும் பிறகு, தானாகப் பிழைக்க இயலாத பிள்ளை என்ற வகையில் அவளுக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வேண்டும். இன்று 8,500 ரூபாய்க்கு ஆசைப்பட்டு, "இவள் சம்பாதிக்கிறாளே" என்று நாளை ஓர் எழுத்தர் கோப்பில் குறிப்பு எழுத நானே வழிசெய்ய வேண்டுமா?

சிறப்பாசிரியை எழுதியது:

ஐயா, அந்த அடுமனை செய்தது அநியாயம். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அதற்கான தண்டனையை உங்கள் மகள் அல்லவா அனுபவிக்கிறாள்? ஒன்பது ஆண்டுகள் ஒரே காகிதப் பையை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பயிற்சி என்று சொல்ல என் 22 ஆண்டு ஆசிரியப் பணி இடம் தரவில்லை. எதற்கான பயிற்சி அது? பயிற்சி என்றால் என்றாவது முடிய வேண்டும்.

என் மாணவன் ஒருவனைச் சென்னையில் ஒரு பலகாரக் கடையில் சேர்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பெட்டிக்கு 12 அதிரசம் வைத்துக் கட்ட வேண்டும்; அவனுக்கு ஐந்துக்கு மேல் எண்ண வராது. ஓர் அட்டையில் அதிரச அளவுக்குப் பன்னிரண்டு வட்டம் வரைந்து பெட்டியின் அடியில் போட்டுக் கொடுத்தோம். வட்டம் தெரிந்தால் இன்னும் வைக்க வேண்டும், தெரியாவிட்டால் மூடலாம். மூன்றாம் நாள் முதல் அவன் பெட்டியில் பிழை இல்லை. இரண்டாம் மாதத்தில், மற்றவர்கள் கட்டிய பெட்டிகளையும் திறந்து தன் அட்டையோடு ஒப்பிடத் தொடங்கினான். கடைக்காரருக்கு அது முதலில் எரிச்சலாக இருந்தது, பதினொன்று வைத்துக் கட்டிய பெட்டிகள் அகப்பட்டபோது எரிச்சல் போய்விட்டது. அந்த அட்டையைக் கண்டுபிடிக்க நான் பத்து நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. உங்கள் அடுமனையில் அப்படி யாராவது நின்றார்களா?

லெமன் ட்ரீ விடுதிகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் உணவுக்கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் வேலை பார்க்கும் காபிக்கடையான மிட்டி கஃபே, 2017இல் ஹுப்பள்ளியில் தொடங்கி, 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு கிளை திறந்தது. முடியாது என்ற காலம் போய்விட்டது.

பனியன்காரர் எழுதியது:

அம்மா, உச்ச நீதிமன்ற வளாகத்தில் காபிக்கடை நடத்துவதற்கும் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துவதற்கும் தூரம் அதிகம். என்னிடம் 70 பேர் வேலை செய்கிறார்கள். தையல், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாமே பீஸ் கணக்கு. ஒருவர் தாமதித்தால் அடுத்தவர் கூலி குறையும்.

நானும் முயன்றவன்தான். பேக்கிங்கில் ஒரு பையனைச் சேர்த்தேன். சைஸ் ஸ்டிக்கரில் எழுத்துக் குழப்பம் வந்தது; சைஸுக்கு ஒரு நிறம் என்று மாற்றினோம், சரியாகிவிட்டது, மற்றவர்களின் தவறும் அதோடு குறைந்தது. எட்டு மாதம் நன்றாகப் போனது. பிறகு சூப்பர்வைசர் மாறினார். கப்பலுக்கு ஏற்ற வேண்டிய வாரத்தில் புதியவர் எல்லோரையும் கத்துவது போலவே அவனையும் கத்தினார். அவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. மறுநாள் முதல் வேலைக்கே வரவில்லை. கத்தியவர் மேல் மட்டும் பழி போட்டு நான் ஒதுங்க முடியாது. இவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், பணியாளர்களில் ஐந்து விழுக்காடு மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி தனியார் முதலாளிகளுக்கு அரசு ஊக்கம் அளிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருப்பதாகப் படித்தேன். "தன் பொருளாதார வரம்புக்கு உட்பட்டு" என்ற சொற்களும் அதில் இருக்கின்றன. நீங்கள் பத்து நாள் நின்றீர்களே, அந்தப் பத்து நாள் சம்பளத்தை யார் கொடுத்தார்கள்? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

சிறப்பாசிரியை எழுதியது:

யாரும் கொடுக்கவில்லை. என் விடுப்பில் நின்றேன்.

மதுரை வழக்குரைஞர் எழுதியது:

சட்டம் பற்றிய பேச்சு வந்ததால் சிலவற்றைத் தெளிவுபடுத்துகிறேன். பனியன்காரர் சொல்வது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. அவர் படித்தது சரி. அதற்கு முந்தைய 34ஆம் பிரிவு அரசு வேலையில் நான்கு விழுக்காடு ஒதுக்குகிறது. அதில் ஒரே ஒரு விழுக்காட்டை அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தொகுதி நான்கு தேர்வுக்கே பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்னும்போது, டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவருக்கு அந்தப் பங்கில் என்ன மிஞ்சும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே அவர்களுக்கு வேலை என்றால் நடைமுறையில் தனியார் வேலைதான்.

நொய்யல்கரை ஐயாவின் ஓய்வூதிய அச்சத்துக்கு விடை உண்டு. மத்திய அரசு 2021 பிப்ரவரியில் வரம்பை மாற்றியது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பிற வருமானம், அவருக்கு உரிய குடும்ப ஓய்வூதியத்தை விட, அதாவது பெற்றோர் வாங்கிய கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையை விடக் குறைவாக இருந்தால் ஓய்வூதியம் உண்டு. முன்பு 9,000 ரூபாயும் அகவிலையும் என்றுதான் வரம்பு இருந்தது. உங்கள் கடைசிச் சம்பளம் 56,000 என்று வைத்துக்கொண்டால், அகவிலையைச் சேர்க்காமலே 16,800 ரூபாய் வருகிறது. 8,500 அதில் ஏறத்தாழப் பாதிதான்.

சம்பளத்துக்கு அவர் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கும்போது பாதுகாவலர் சான்று கேட்கக்கூடும். 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதை வழங்கும். 18 வயது முடிந்த பிறகு பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை; பலர் இதை வங்கி வாசலில்தான் அறிகிறார்கள்.

அக்காள் எழுதியது:

இவ்வளவு நேரமும் பெற்றோர், ஆசிரியர், முதலாளி, சட்டம் என்று பேச்சு போகிறது. நான் உடன்பிறந்தவள். என் தம்பிக்கு 44 வயது. அப்பா அம்மா இருவரும் இல்லை. "எங்களுக்குப் பிறகு" என்று எல்லாப் பெற்றோரும் சொல்லும் அந்தப் பிறகில்தான் நான் இருக்கிறேன்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள்தான். இப்போது 60 வரை வந்திருக்கிறது. பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருப்பதால், குழந்தைப் பருவ இதய அறுவை சிகிச்சை பெருகியது அதற்கு முக்கியக் காரணம். என் தம்பி பிறந்தபோது "பள்ளிக்கூடம் எதற்கு, இருக்கும் வரை சந்தோஷமாக வைத்திருங்கள்" என்று மருத்துவர் சொன்னாராம். அப்படித்தான் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வெளியே அவனுக்கு ஒரு மனிதரையும் தெரியாது.

சென்ற ஆண்டு குளியலறைக்குப் போகும் வழியை மறக்கத் தொடங்கினான். தைராய்டு என்று நினைத்துப் பரிசோதித்தோம், அதுவும் இருந்தது. ஆனால் மறதி நோயின் தொடக்கமும் தெரிகிறது என்றார்கள். அந்நோயோடு தொடர்புள்ள மரபணு ஒன்று இதே 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறதாம். அதனால் மற்றவர்களைவிடப் பத்து இருபது ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. தமிழக அரசின் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாய் மாதந்தோறும் வருகிறது; நன்றியோடு வாங்குகிறேன். ஆனால் நான் மருந்துக்கடைக்குப் போகும் அரைமணி நேரம் அவனோடு உட்கார ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆளை 2,000 ரூபாய் கொண்டுவராது. அவன் இருபது ஆண்டு ஓரிடத்தில் வேலை பார்த்திருந்தால் குறைந்தது அங்கே நாலு பேருக்கு அவன் பெயர் தெரிந்திருக்கும். ஐயா, ஓய்வூதியக் கணக்கை இவ்வளவு துல்லியமாகப் போட்ட நீங்கள், உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நொய்யல்கரை எழுதியது:

வழக்குரைஞருக்கு நன்றி. 2021ஆம் ஆண்டு ஆணை எனக்குத் தெரியாது. பழைய வரம்பையே மனத்தில் வைத்திருந்தேன்.

சகோதரி கேட்டது சுருக்கென்று தைத்தது. கேட்கவில்லை. ஆனாலும் மையத்தை இங்கே இழிவாகப் பேசியதை ஏற்க மாட்டேன். சீருடையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளை மீட்டெடுத்தது அந்தக் காகிதப் பை மேசைதான். அங்கே அவளுக்கு ஒரு தோழி இருக்கிறாள், இருவரும் ஒரே தட்டில்தான் சாப்பிடுவார்கள். விடுதியில் அவளோடு யார் சாப்பிடுவார்கள்? பேருந்து இன்னொரு பயம். ஆசிரியை அம்மாவின் மாணவன் இப்போதும் அந்தக் கடையில்தான் இருக்கிறானா?

சிறப்பாசிரியை எழுதியது:

இல்லை ஐயா. நேர்மையாகவே சொல்கிறேன், பதினோரு மாதத்தில் நின்றுவிட்டான். அவன் பேருந்தை எண்ணை வைத்து ஏறுகிறான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஓட்டுநருக்கு முன்னால் தொங்கும் பச்சைக் கிளிப் பொம்மையை வைத்து ஏறியிருக்கிறான். ஒருநாள் அந்த வண்டி பழுதுபார்க்கப் போய்விட்டது. காலை எட்டிலிருந்து பதினொரு மணி வரை, அதே எண்ணுள்ள ஏழெட்டு வண்டிகளை விட்டுவிட்டு நிறுத்தத்திலேயே நின்றிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் அம்மா அனுப்பவில்லை. நிறுத்தத்துக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருந்தவர் மூன்று மணி நேரமும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம்; யாரிடம் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பத்து நாளோடு நான் திரும்பிவந்தது தவறு. மாதம் ஒருமுறையாவது போய், அந்தத் தேநீர்க் கடைக்காரர் உட்பட எல்லோரிடமும் பேசியிருக்க வேண்டும்.

மையம் பற்றிய என் சொல் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பனியன்காரர் எழுதியது:

மாதம் ஒருமுறை வந்து பார்க்க ஓர் ஆளை எங்கள் தெருவில் நான்கு கம்பெனிகள் சேர்ந்து வைத்துக்கொண்டால் தலைக்கு அதிகம் ஆகாது. அரசு ஊக்கம் தருவதென்றால் முதலாளியின் கையில் தர வேண்டாம், அந்த ஆளின் சம்பளமாகத் தரட்டும். ஆனால் ஒன்று, நான்கு மணி நேர வேலைக்கு நான்கு மணி நேரக் கூலியை முழுசாகக் கொடுக்க வேண்டும். ஊக்கத்தொகை என்று பெயர் மாற்றிக் குறைப்பதை நானும் ஏற்க மாட்டேன். மற்ற மூவரிடம் பேசிவிட்டு வருகிறேன். ஒருவர் சிரிப்பார் என்று இப்போதே தெரிகிறது.

நொய்யல்கரை எழுதியது:

நேற்றிரவு மகளிடம் கேட்டோம். சம்பளம், சீருடை எதையும் அவள் பொருட்படுத்தவில்லை. தோழியும் வருவாளா என்று மட்டும் கேட்டாள். தனியாகப் போவாயா என்று என் மனைவி மறுபடியும் கேட்டதற்கு எழுந்து போய்விட்டாள்.

இன்று காலை விடுதிக்குத் தொலைபேசியில் பேசினேன். இருவரையும் சேர்த்து எடுக்க முடியுமா, மார்ச் 21 அன்று படம் எடுக்காமல் இருக்க முடியுமா, முதல் மாதம் மையத்து ஆசிரியர் ஒருவர் உடன் நிற்கலாமா என்று கேட்டேன். இரண்டாவதற்கு உடனே சம்மதித்தார்கள். மற்ற இரண்டுக்கும் மேலாளரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.