பழைய பிக்கப்புக்கு வேற மாடல் கதவு ஹேண்டில் மாட்டலாமா?

மண்ரோட்டு_வண்டி:

எல்லாருக்கும் வணக்கம். என்னோடது ரெண்டு கதவு பழைய பிக்கப், ஹேண்டில் கீழ விரல விட்டு மேல தூக்குற டைப், குரோம் பூசின வார்ப்பு. டிரைவர் பக்கம் பின் போற காதுல விரிசல் விட்டுடுச்சு, இப்ப தூக்கினா பாதி தூரம் சும்மா வருது அப்புறம்தான் லாட்ச் (கதவப் பூட்டிப் பிடிக்கிற கொக்கி) விடுது, சில நேரம் விடவே மாட்டேங்குது, கண்ணாடிய இறக்கி வச்சுட்டு போய் உள்ள கைய விட்டுத்தான் திறக்கறேன். அதே கம்பெனியோட அடுத்த தலைமுறை பிக்கப்ல வர்ற ஹேண்டில், அதாவது நாலு விரலும் உள்ள போய் முழுசா பிடிச்சு வெளிய இழுக்குற டைப், ஒரு ஜோடி காயலாங்கடையில கெடச்சுது. கையில க்ளவுஸ் இருந்தாலும் பிடிக்கலாம், எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

பழைய ஓட்டைய அட்டைல வரைஞ்சு வெட்டி புதுசு மேல வச்சுப் பாத்தேன். புதுசு நீளம் அதிகம், உயரம் கம்மி. அதனால பழைய ஓட்டையோட மேல் விளிம்பு வெளிய தெரியும். இன்னொன்னு, பழசத் தூக்கினா உள்ள இருக்குற கை ராடை (லாட்ச்சுக்குப் போற கம்பி) கீழ தள்ளுது, புதுச இழுத்தா ராடை மேல தூக்குது. சாவி ஓட்டை பழசுல ஹேண்டிலுக்குக் கீழ கதவுலயே தனியா இருக்கு, புதுசுல ஹேண்டிலோட சேந்து இருக்கு.

இத மாட்ட முடியுமா, மாட்டினா உருப்படியா வேலை செய்யுமா? அழகுக்காக மட்டும் கேக்கல, தினம் ஓட்டுற வண்டி.

லாட்ச்_பைத்தியம்:

மாட்டலாம் நண்பரே, ஆனா நீங்க அட்டை வச்சு அளந்தது பாதி வேலைதான். ஓட்டைய எப்படியும் சரி பண்ணிடலாம். ராடு எந்தப் பக்கம் நகருது, எவ்வளவு தூரம் நகருதுங்கறதுதான் முடிவு பண்ணும்.

முதல்ல டோர் பேடக் கழட்டுங்க. கண்ணாடி சுத்துற கைப்பிடிய பிடிச்சு நெம்பாதீங்க, அது பின்னாடி ஒரு வளைஞ்ச கம்பி கிளிப் இருக்கும், ஒரு துணிய கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவுல விட்டு ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி இழுத்தா கிளிப் தானா வெளிய வந்துடும். அப்புறம் கதவு திறந்தே இருக்கும்போது ஸ்க்ரூடிரைவரால லாட்ச் நாக்கை மூடுங்க. ரெண்டு கிளிக் கேக்கணும், முதல் கிளிக் பாதி பூட்டு, ரெண்டாவதுதான் முழுப் பூட்டு. இப்ப ராடு மாட்டுற லீவரக் கையால மெதுவா நகத்துங்க, எந்த இடத்துல லாட்ச் விடுதுன்னு மார்க்கர்ல கோடு போடுங்க, கடைசியா எங்க போய் முட்டுதுன்னு இன்னொரு கோடு. அதே மாதிரி புது ஹேண்டில் கைய முழுசா இழுத்தா அதோட நுனி எவ்வளவு நகருதுன்னு வெர்னியர்ல அளங்க. ஹேண்டில் நகர்ற தூரம் லாட்ச் விடுற தூரத்த விட நல்லாவே அதிகமா இருக்கணும், விட்டதும் மிச்சம் கொஞ்சம் இருக்கணும். சரியா அந்தக் கோட்டுலயே முடிஞ்சுதுன்னா இன்னிக்கு திறக்கும், கொஞ்சம் தேஞ்சதும் திறக்காது.

திசை மாறுறதுக்கு பெல் கிராங்க் ஒன்னு போடணும், நடுவுல பின் வச்சு ரெண்டு பக்கமும் கை இருக்குற தகடு. ஒரு கை மேல போனா இன்னொன்னு கீழ போகும். ரெண்டு கையோட நீளத்த மாத்தி தூரத்தையும் கூட்டலாம் குறைக்கலாம், ஆனா தூரம் கூடினா இழுக்க பலமும் கூடும்ங்கறத மறக்காதீங்க. அத கதவோட உள் தகட்டுல மாட்டுங்க, வெளித் தகட்டுல மாட்டாதீங்க, வெளித் தகடு ஏறக்குறைய ஒரு மில்லி தடிமன்தான், இழுக்கும்போது வளைஞ்சு குடுத்து பாதி தூரத்த முழுங்கிடும்.

கடைசியா ப்ளே. ஹேண்டில் சும்மா இருக்கும்போது ராடுல துளி தளர்வு இருந்தே ஆகணும். ராடு இறுக்கமா இருந்தா லாட்ச்ச எப்பவும் லேசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், கதவு பாதி பூட்டுலயே நின்னுடும், குழில இறங்கினா திறந்துடும்.

டிங்கர்_பட்டறை:

மேல சொன்னவர் உள் பக்கம் சொல்லிட்டார், நான் தகடு பக்கம் சொல்றேன். மேல் விளிம்பு தெரியுதுன்னு பட்டி வச்சு மூடிடாதீங்க, கதவ ஒவ்வொரு தடவ சாத்தும்போதும் அதிர்ற இடம் அது, பட்டி வெடிச்சு உள்ள தண்ணி போய் துரு வெளிய வர்ற வரைக்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே தடிமன்ல தகடு வெட்டி, மூலைய வட்டமா உருட்டி, புள்ளி புள்ளியா தூரம் தூரமா வெல்டிங் வைங்க. ஒரே கோடா இழுத்தா சூட்டுல கதவு முழுக்க அலை அலையா வந்துடும், அத தட்டி நேராக்குறது பெரிய வேலை. கதவோட வெளித் தகடு ரொம்பத் தட்டையா இருக்குற வண்டில இன்னும் மோசம்.

புதுசா வெட்டுற பக்கம் கோட்டுக்கு உள்ளயே நின்னு வெட்டுங்க, மீதிய அரத்தால ராவி எடுங்க. வெட்டின விளிம்பு பச்சை இரும்பு, எபாக்சி பிரைமர் அடிக்காம ரப்பர் கேஸ்கெட்ட வைக்காதீங்க, கேஸ்கெட் தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும்.

இன்னொரு விஷயம் நெறைய பேர் விட்டுடறாங்க: கண்ணாடி. கண்ணாடிய ஏத்தி வச்சுட்டு மாட்டுவோம், எல்லாம் அருமையா இருக்கும், இறக்கினா ஹேண்டிலோட போல்ட் நுனி கண்ணாடில உரசும். டோர் பேட் மாட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடிய மெதுவா முழுசா இறக்கி, அப்படியே ஹேண்டிலயும் இழுத்துப் பாருங்க, ராடு நகரும்போது கண்ணாடி ஓடுற சேனல்ல இடிக்குதான்னும் பாக்கணும்.

சக்கரத்தடம்:

ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா நான் ஒரு கேள்வி கேக்கறேன், அந்தப் பழைய காது ஏன் விரிஞ்சுது? அந்த மாதிரி குரோம் ஹேண்டில் பெரும்பாலும் இரும்பு கெடையாது, துத்தநாக வார்ப்பு, ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியம் கலந்தது. 400 டிகிரிக்கும் கீழேயே உருகிடும், சாதாரண வெல்டிங் அதுல நடக்காது, எபாக்சி ஒட்டினாலும் அந்தக் காதுல நிக்காது. ஆனா லாட்ச் லேசா இருந்தா அந்த வார்ப்பு வருஷக்கணக்கா தாங்கும். உள்ள கிரீஸ் காஞ்சு மெழுகு மாதிரி ஆகிடுச்சுன்னா, இல்ல ஹிஞ்ச் புஷ் (கதவுக் கீல்ல பின்ன சுத்தி இருக்குற வளையம்) தேஞ்சு கதவு தொங்கி லாட்ச் ஸ்ட்ரைக்கர்ல (லாட்ச் கவ்விப் பிடிக்கிற, வண்டி பாடில இருக்குற கம்பி) உக்காந்து அழுத்துதுன்னா, தினமும் வெறிகொண்டு இழுக்குறோம், பலவீனமான இடம் போகுது. இத சரி பண்ணாம புதுச மாட்டினா, நாலு விரலும் உள்ள போறதால இன்னும் பலமா இழுப்பீங்க, அடுத்தது பெல் கிராங்க் வளையும்.

கதவப் பாதி திறந்து நுனியப் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. ஆடினா புஷ் மாத்துங்க. லாட்ச்ச கழட்டி மண்ணெண்ணெய்ல ஊற வச்சுக் கழுவி, காய வச்சு, வெள்ளை லித்தியம் கிரீஸ் வைங்க. ஸ்ப்ரே ஆயில் அன்னிக்கு மட்டும் லேசாக்கும், கொஞ்ச நாள்ல தூசியப் பிடிச்சுக்கும். இது ரெண்டும் பண்ணிட்டு அப்புறம் எந்த ஹேண்டில்னு முடிவு பண்ணுங்க.

கம்பியும்_கிளிப்பும்:

பாதுகாப்பு பத்தி யாரும் சொல்லல, அதனால சொல்றேன். இழுக்குற டைப் ஹேண்டில்ல ஒரு ஆபத்து இருக்கு. பக்கவாட்டுல இன்னொரு வண்டி வந்து இடிச்சா கதவு படார்னு உள்பக்கம் போகும், ஹேண்டிலோட எடை அந்த வேகத்துக்கு வராம பின்தங்கி நிக்கும், அதாவது கதவோட பாத்தா ஹேண்டில் வெளிய வந்த மாதிரி ஆகும், யாரும் தொடாமலே லாட்ச் விட்டுடும். அமெரிக்காவோட 206-ம் நம்பர் பாதுகாப்பு விதி முழுசா பூட்டின லாட்ச் 30 ஜி, அதாவது புவியீர்ப்பு மாதிரி 30 மடங்கு வேகமாற்றத்துலயும் விடக்கூடாதுன்னு சொல்லுது. 200 கிராம் ஹேண்டில் 30 ஜி-ல 6 கிலோ இழுக்குற மாதிரி இழுக்கும், யோசிச்சுப் பாருங்க. அதே விதிப்படி முழுப் பூட்டு 11,000 நியூட்டன் தாங்கணும், பாதிப் பூட்டு 4,450 தாங்கினா போதும், அதனால முதல்ல சொன்ன அந்த ரெண்டாவது கிளிக்க லேசா எடுத்துக்காதீங்க.

இதுக்காகத்தான் புது ஹேண்டில் பலதுல உள்பக்கம் ஒரு எடைக்கட்டி வச்சிருப்பாங்க, ஹேண்டில் வெளிய போகப் பாத்தா அந்தக் கட்டி எதிர்ப்பக்கம் இழுத்து சமப்படுத்தும். நீங்க வாங்கினதுல அது இருந்தா கண்ணாடில இடிக்குதுன்னு அறுத்து எடுத்துடாதீங்க, தயவுசெஞ்சு. ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் நல்லா இருக்கணும், இழுத்து விட்டா சட்டுன்னு வந்து உக்காரணும். நீங்க போடுற பெல் கிராங்குக்கும் தனியா ஒரு ஸ்பிரிங் வைங்க.

ராடு கிளிப் பழச திரும்பப் போடாதீங்க, பிளாஸ்டிக் காஞ்சிருக்கும், இடது வலதுன்னு தனித்தனியா வரும், மாத்திப் போட்டா ராடு கழண்டுடும்.

மண்ரோட்டு_வண்டி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், இவ்வளவு இருக்கும்னு நினைக்கல. சக்கரத்தடம் சொன்ன மாதிரி கதவத் தூக்கிப் பாத்தேன், நல்லாவே ஆடுது, ஸ்ட்ரைக்கரோட அடிப்பக்கம் பளபளன்னு தேஞ்சு இருக்கு. புது ஹேண்டில்ல எடைக்கட்டியும் இருக்கு. அதனால முதல்ல புஷ், லாட்ச் கழுவுறது, அப்புறம் கோடு போட்டு அளக்குறது, ஓட்டைல கை வைக்கிறது கடைசி. சாவிக்கு மட்டும் வழி சொல்லுங்க, ரெண்டு சாவி வச்சுக்க இஷ்டமில்ல.

லாட்ச்_பைத்தியம்:

நல்ல வரிசை. சாவிக்கு ரெண்டு வழி. உங்க பழைய சிலிண்டர் (சாவி நுழையுற உருளை) கதவுலயே தனியா இருக்கறதால, புது ஹேண்டில் அந்த இடத்த மறைக்கலன்னா அத அப்படியே விட்டுடுங்க, பூட்டுற ராடையும் தொடாதீங்க. புது ஹேண்டில்ல இருக்குற சிலிண்டர எதுலயும் இணைக்காதீங்க, பின்பக்கம் தண்ணி போகாம அடைச்சுடுங்க. மறைக்குதுன்னா, பூட்டு ரிப்பேர் பண்றவர்கிட்ட ரெண்டு சிலிண்டரையும் சாவியோட குடுங்க. உள்ள இருக்குற சின்னத் தகடுகள உங்க பழைய சாவியோட வெட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தி அடுக்கிடுவாங்க, ஆனா பழைய சாவி புது சிலிண்டரோட வாய்க்குள்ள போகணும், அத மட்டும் முன்னாடியே நுழைச்சுப் பாத்துக்குங்க. சிலிண்டரோட வால் நீளமும் பாக்கணும், குட்டையா இருந்தா ராடுக்கு எட்டாது. உள்ள கிரீஸ் வேண்டாம், கிராஃபைட் பொடி போடுங்க. எல்லாம் மாட்டினதும் கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால லாட்ச்ச மூடி வெளி ஹேண்டில், உள் ஹேண்டில், சாவின்னு மூணையும் இழுத்துப் பாத்துட்டு அப்புறம் கதவ சாத்துங்க, உள்ள ஏதாவது கழண்டு கதவு மூடிக்கிச்சுன்னா டோர் பேடக் கழட்டவே வழி இருக்காது.