27 பட்டுப்புடவைகள், உடுத்துவது மூன்றுதான்

கேள்வி: பீரோவில் 27 பட்டுப்புடவைகள் இருந்தும், கல்யாணத்திற்குக் கிளம்பும்போதெல்லாம் அதே மூன்றைத்தான் உடுத்துகிறேன், ஆடித் தள்ளுபடியில் எடுத்தவை விலைச்சீட்டோடு கிடக்கின்றன. எவற்றைக் கழிப்பது, இனி எப்படி வாங்குவது?

மறுமொழி 1: எல்லாவற்றையும் பாயில் விரித்து, மடிப்பு ஓரங்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடக்கும் பட்டு அங்கேதான் இற்றுப்போகும். என் அம்மாவின் அரக்குப் புடவை கையில் எடுத்ததுமே கோடாகப் பிளந்தது. தப்பியவற்றை மாற்றி மடித்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

மறுமொழி 2: ரவிக்கை இறுக்கிப் பிடிப்பதால்தான் பாதிப் புடவைகள் ஒதுங்குகின்றன. தையலைப் பிரித்துவிடச் சொல்லிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள், அம்மா.

மறுமொழி 3: வாங்கும்போது, சில்க் மார்க் முத்திரை பட்டின் தூய்மைக்கு மட்டுமே உத்தரவாதம் என்பதால், ஜரிகை அசலா என்பதைத் தனியாகக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கேட்டவர்: நன்றி. பதினொரு ரவிக்கைகள் இன்று தையற்கடைக்குப் போயிருக்கின்றன.